தம்கா: மாட்டுச் சூடு சுங்கவரியான கதை

மங்கோலியர்கள்தாம் ரஷ்யாவுக்கு எதேச்சாதிகாரத்தைக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது உண்மையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எதேச்சாதிகாரத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. ஆனால் ஒரு மொழி எந்தச் சொல்லை யாரிடம் கடன் வாங்கியது என்பதை ஒலிமாற்ற விதிகளைக் கொண்டு பெருமளவு கண்டுபிடித்துவிடலாம் என்பதால், அந்த வழியிலேயே போய்ப் பார்ப்போம்.

பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். செங்கிஸ்கானின் பேரன் பாத்து கானின் படை 1237இல் ரியாசானைத் தாக்கியது. 1240இல் கீவ் வீழ்ந்தது. அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ருஷ்ய இளவரசர்கள், வோல்காவின் கீழ்க்கரைப் பகுதியில் இருந்த சராய் நகரத்துக் கானிடம் ‘யார்லிக்’ என்ற ஆணைப் பத்திரம் பெற்றே அரியணை ஏறினர். கானின் நாட்டில் ஆண்ட குலம் மங்கோலியக் குலமாயினும் குடிமக்களில் பெரும்பாலோர் துருக்கிய மொழி பேசியவர்கள் என்பதால், ருஷ்யாவுக்குள் நுழைந்த சொற்களும் பெரும்பாலும் துருக்கிய வடிவத்திலேயே நுழைந்தன. உண்மையில் புல்வெளி மக்களுடனான கொடுக்கல் வாங்கல் அதைவிடப் பழையது: 11ஆம் நூற்றாண்டிலேயே கீவின் பேராயர் இலாரியோன், கீவை முன்பு ஆண்ட விளாதிமிரை ‘ககான்’ என்ற, கஸார் எனும் புல்வெளி மக்களின் பட்டத்தால் குறிப்பிட்டிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று, சராயை ஆண்ட மெங்கு-திமூர் கான் 1267இல் ருஷ்யக் குருமார்களுக்கு அளித்த வரிவிலக்குப் பத்திரம். மூலம் தொலைந்துவிட்டது, ருஷ்ய மொழிபெயர்ப்பின் பிற்காலப் படிகளே எஞ்சியுள்ளன. குருமார்கள் எவற்றையெல்லாம் செலுத்த வேண்டியதில்லை என்ற பட்டியல் அதில் உண்டு. கப்பத்துக்கும் ஏர்வரிக்கும் மொழிபெயர்ப்பாளர் தம் சொந்த ஸ்லாவியச் சொற்களை எழுதுகிறார். ஆனால் ‘தம்கா’, ‘யாம்’ என்ற இரண்டையும் அப்படியே விட்டுவிடுகிறார். கப்பமும் ஏர்வரியும் ருஷ்யர்களுக்குப் பழகியவை, மற்ற இரண்டும் புதியவை என்பதை அந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. யாம் என்பது குறிப்பிட்ட தொலைவுக்கு ஒரு நிலையம் வைத்துக் குதிரைகளை மாற்றிக்கொண்டே செய்தி கொண்டுபோகும் அஞ்சல் ஏற்பாடு. அதன் செலவு மக்கள் தலையில் விழுந்தது.

தம்கா முதலில் கால்நடைகளுக்குப் போடும் சூட்டுக்குறி. எந்த மாடு, எந்தக் குதிரை யாருடையது என்று புல்வெளியில் அடையாளம் காண அதுவே வழி. பிறகு அது முத்திரை ஆயிற்று. சரக்கின்மீது முத்திரை குத்த வாங்கிய வரியும் அதே பெயரைப் பெற்றது. ருஷ்ய மொழி அதை வாங்கிக்கொண்டு செய்த வேலைதான் அழகு. ‘நோகா’ என்றால் கால். சின்னக் காலைச் சொல்லும்போது ககரம் மென்மையாகி ‘நோஷ்கா’ ஆகும். நம் மொழியில் ‘கல்’ பன்மையில் ‘கற்கள்’ ஆவதைப் போன்ற சந்தி இது. தம்காவுடன் இட விகுதி சேர்ந்தபோதும் இதே விதி இயங்கி, ககரம் திரிந்து, ‘தமோஜ்னியா’ என்ற சுங்க நிலையம் பிறந்தது. வந்தேறிச் சொல் வீட்டுப் பிள்ளையைப் போல இலக்கணத்துக்குள் புகுந்துகொண்டது. இத்தகைய ஆய்வுக்கு நிதி கேட்டால் ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்பவர்களிடம், எந்தப் பேரரசு எங்கே கைவைத்தது என்பதை இதைவிட மலிவாகச் சொல்லும் கருவி எது என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

‘தெங்கி’ என்ற இன்றைய ருஷ்யச் சொல்லுக்குப் பணம் என்று பொருள். அதுவும் துருக்கியக் கடன். 1380இல் குலிகோவோ களத்தில் கானின் நாட்டுப் படைத்தலைவர் மாமாயை வென்ற மாஸ்கோ இளவரசர் திமித்ரி தோன்ஸ்கோயின் நாணயங்களிலேயே, ஒருபுறம் அவர் பெயரும் மறுபுறம் அரபு எழுத்தில் தொக்தாமிஷ் கானின் பெயரும் பொறிக்கப்பட்டவை உண்டு. கருவூலத்தைக் குறிக்கும் ‘கஸ்னா’ நமக்கும் உறவுதான்: அரபு மொழியிலிருந்து துருக்கிய மொழி வழியாக ருஷ்யாவுக்குப் போன சொல்லே, பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து நம் ‘கஜானா’ ஆயிற்று.

ஆனால் இளவரசரைக் குறிக்கும் ‘க்னியாஸ்’ ஜெர்மானிய மூலத்தது. திருச்சபைச் சொற்களில் பல கிரேக்கம். சட்டத்தைச் சொல்லும் ‘பிராவ்தா’ ஸ்லாவியம். அதாவது கடன் குவிந்திருப்பது வரி, நாணயம், அஞ்சல், கருவூலம் ஆகிய இடங்களில்தான். வாசகரின் கேள்விக்கு என் பதில் இதுவே: வந்து சேர்ந்தது வசூல் இயந்திரம், எதேச்சாதிகாரத்துக்கு இந்தச் சொற்கள் சாட்சி சொல்லவில்லை. அந்த இயந்திரத்தின் பிடி கைமாறியதுதான் மாஸ்கோவின் எழுச்சி. தொடக்கத்தில் வரி குத்தகைதாரர்கள் வசூலித்தபோது 1262இல் ரஸ்தோவ், விளாதிமிர் உள்ளிட்ட நகரங்கள் கிளர்ந்தெழுந்தன. பின்னர் அந்த வேலை படிப்படியாக இளவரசர்களிடமே விடப்பட்டது. ‘கலிதா’, அதாவது பணப்பை, என்று பெயரெடுத்த மாஸ்கோவின் முதலாம் இவான், பிற இளவரசர்களின் கப்பத்தையும் சேர்த்துக் கானிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வழியில் எவ்வளவு அவர் பையில் தங்கியது என்று கணக்குக் கேட்கச் சராய்க்கு வழியில்லை.

1480இல் உக்ரா ஆற்றங்கரையில் எதிரெதிரே நின்ற மாஸ்கோ படையும் கானின் படையும் பெரும்போர் நடத்தாமலே திரும்பிப் போயின. மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் இவான் கானின் பிடியிலிருந்து விடுபட்டார். தம்காவை மட்டும் அவர் ஒழிக்கவில்லை. 1653இல்தான் மாஸ்கோ அரசு அந்த வரியை நீக்கி, ஒரே சீரான சுங்கத்தைக் கொண்டுவந்தது. அந்தப் புதிய சுங்கமும் ‘தமோஜ்னியா’விலேயே வசூலானது.