பொண்ணுக்கு வந்த ஆஃபரை வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி

இந்த வருஷமும் ஆரம்பிச்சாச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர் போன் பண்ணி, "பொண்ணுக்கு ஏதோ ஏரோஸ்பேஸ் கம்பெனில டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் கிடைச்சிருக்குங்க, வேண்டாம்னு மெயில் போடச் சொல்லிட்டேன், நீங்க நல்ல யூனிவர்சிட்டியா ஒண்ணு சொல்லுங்க"ன்னாரு. ஆன்லைன் டெஸ்ட், வீடியோ இன்டர்வியூ, அசெஸ்மென்ட் சென்டர் (குழுவா வேலை குடுத்து சோதிக்கறது)னு அத்தனையும் தாண்டி அந்தப் பொண்ணு வாங்கின ஆஃபர் அது, சம்பளத்தோட வேலை பாத்துக்கிட்டே டிகிரி படிக்கற இடம். மெயில் போயிடுச்சான்னு கேட்டேன். போயிடுச்சாம். இதுக்கு மேல நான் என்னத்த சொல்ல? அந்த இடம் ரிசர்வ் லிஸ்ட்ல காத்திருந்த வேற யாரோ பெத்த பிள்ளைக்குப் போயிருக்கும், அந்தப் பிள்ளையாவது நல்லா இருக்கட்டும்.

நான் பிரிட்டன்ல விமான இறக்கை ஸ்ட்ரக்சர் டிசைன்ல இருக்கேன். அப்ரென்டிஸ் பசங்களுக்கு மென்டர் வேலையும் பாக்கறேன், சீசன் வந்தா அசெஸ்மென்ட் பேனல்லயும் உக்காருவேன். ஒவ்வொரு வருஷமும் இதே கதை நம்ம வீடுகள்ல நடக்குது, அதான் இந்தப் பதிவு. இங்கிலாந்துல இருக்கற தமிழ் அப்பா அம்மாக்களுக்குத்தான் முக்கியமா எழுதறேன், ஊர்ல இருக்கறவங்களுக்கு கடைசியில ஒண்ணு இருக்கு.

முதல்ல எனக்கு பி.பி. ஏத்தற விஷயம். அப்ரென்டிஸ்னு சொன்ன உடனே நம்ம ஆளுங்களுக்கு ஐ.டி.ஐ. முடிச்சுட்டு ஐ.சி.எஃப்.லயோ பி.எச்.இ.எல்.லயோ ஸ்டைபண்டுக்கு ஒரு வருஷம் ஓட்டறதுதான் ஞாபகம் வருது. அதுல கேவலம் ஒண்ணும் இல்ல, என் சித்தப்பாவே அப்படி வந்தவர்தான், ஆனா இது அது கிடையாது. இங்க 2015ல ஆரம்பிச்ச டிகிரி அப்ரென்டிஸ்ஷிப்ல பிள்ளை முதல் நாள்லேருந்தே கம்பெனி ஊழியர், சம்பளம், லீவு, பென்ஷன் எல்லாம் உண்டு. வேலை நேரத்துலயே யூனிவர்சிட்டி படிப்புக்கு நேரம் ஒதுக்கிக் குடுக்கணும், அது கம்பெனி மனசு வெச்சு செய்யற உபகாரம் இல்ல, ரூல். நாலஞ்சு வருஷத்துல லெவல் 6 முடிக்கறாங்க, லெவல் 6னா பேச்சுலர் டிகிரி, முழு ஆனர்ஸ் டிகிரி. பாதி டிகிரியா, டிப்ளமாவா, அதை வெச்சு எம்.எஸ்சி. பண்ண முடியுமா, கல்யாணப் பத்திரிகையில பி.இ.ன்னு போடலாமான்னு (சத்தியமா கேட்டாங்க) என்னைக் கேக்காதீங்க. டிகிரி குடுக்கறது யூனிவர்சிட்டி, பக்கத்துல உக்காந்து ஃபுல் டைம் படிக்கற பையனுக்குக் குடுக்கற அதே யூனிவர்சிட்டிதான். எம்.எஸ்சி. பண்ணலாம். சார்ட்டர்ட் இன்ஜினியர் (இங்க இன்ஜினியர்களுக்கு இருக்கற பெரிய தொழில் அங்கீகாரம்) ஆகலாம், அதுக்கு வேணுங்கற வேலை அனுபவத்தை டிகிரி முடிக்கும்போதே கொஞ்சம் சேத்து வெச்சிருப்பாங்க. இன்னொரு தடவை சொல்றேன், டிகிரிதான்.

"படிப்பு வராத பசங்களுக்குத்தானே இது?"ன்னு அடுத்த கேள்வி வரும். மேத்ஸும் ஃபிசிக்ஸும் ஏ-லெவல்ல (நம்ம பிளஸ் டூ மாதிரி) கேக்கறாங்க, ஒரு இடத்துக்கு வந்து குவியற அப்ளிகேஷனைப் பாத்தா பல யூனிவர்சிட்டி சீட்டே ஈஸின்னு தோணும்.

காசு கணக்கு சுருக்கமா. ஃபுல் டைம் போனா 2025-26ல ஃபீஸ் மட்டும் வருஷத்துக்கு 9,535 பவுண்ட், மூணு வருஷத்துக்கு கூட்டிக்கோங்க, மேல வாடகை, சாப்பாடு. லோன் வாங்கினா இப்ப இங்கிலாந்துல புதுசா சேர்ற பசங்களுக்கு 25,000 பவுண்டுக்கு மேல சம்பாதிக்கறதுல 9 சதவீதம், 40 வருஷம் வரைக்கும் கட்டணும். அப்ரென்டிஸுக்கு ஃபீஸ் பூஜ்யம். சம்பள பில் வருஷத்துக்கு 30 லட்சம் பவுண்டைத் தாண்டற கம்பெனிகள்கிட்ட அரசாங்கம் 2017 ஏப்ரல்லேருந்து 0.5 சதவீதம் லெவின்னு ஒரு வரி வாங்குது, அந்தப் பணம் இதுக்குன்னே இருக்கு, கம்பெனி பயன்படுத்தலைன்னா போச்சு. அதனால "ஃப்ரீயா குடுக்கறான்னா ஏதோ இருக்கு"ன்னு சந்தேகப்பட வேண்டாம்.

ஆனா யாரும் சொல்லாத ரெண்டு விஷயம் இருக்கு. அப்ரென்டிஸ்ஷிப்ல சேந்தா அந்தப் பிள்ளைக்காக அரசாங்கம் பெத்தவங்களுக்குக் குடுக்கற சைல்ட் பெனிஃபிட் பணம் நின்னுடும். கவுன்சில் டாக்ஸ்ல (உள்ளாட்சிக்குக் கட்டற வீட்டு வரி) ஸ்டூடன்ட்டுக்கு இருக்கற விலக்கும் கிடைக்காது, வாரத்துக்கு 195 பவுண்டுக்குள்ள சம்பளம் இருந்தாதான் அப்ரென்டிஸுக்கு அந்தச் சலுகை, பெரிய கம்பெனி சம்பளம் அதைத் தாண்டிடும். வீட்டு பட்ஜெட்டை இதையும் சேத்து போடுங்க.

சரி, "இன்ஜினியர் ஆகணும்னு பாத்தா ஸ்பானரைக் குடுத்து நிக்க வெக்கறாங்களாமே?" ஆமா, நிக்க வெக்கறோம். முதல் வருஷம் பெரும்பாலும் ட்ரெயினிங் ஒர்க்‌ஷாப்தான், ஃபைலிங், ட்ரில்லிங், ரிவெட் அடிக்கறது. அலுமினியத் தகட்டுல ஓட்டை போட்டா விளிம்புல பிசிறு நிக்கும், அதை நகத்தால தடவிப் பாத்து எடுக்கணும், எடுக்காம விட்டா என்னைக்கோ ஒரு நாள் கிராக் அங்கேருந்துதான் கிளம்பும். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு டிசைன் ரிவ்யூல ரெண்டாம் வருஷ அப்ரென்டிஸ் ஒரு பொண்ணு ஸ்கிரீனையே உத்துப் பாத்துட்டு, "அந்த ரிப் (இறக்கைக்குள்ள குறுக்கா வர்ற சட்டம்) மூலையில ட்ரில் நேரா நுழையாது, சாஞ்சுதான் போகும், ஓட்டை கோணலாத்தான் விழும்"னு சொல்லுச்சு. ரூம்ல இருந்த நாங்க எல்லாரும் எத்தனையோ வருஷம் குப்பை கொட்டினவங்க, யாருக்கும் தோணலை. ஓட்டை கோணலாப் போனா கன்செஷன்னு ஒரு பேப்பர் எங்க டேபிளுக்கு வரும், அப்படியே விடலாமா, பெரிய ஃபாஸ்ட்னர் (ரிவெட், போல்ட் மாதிரி) போடலாமா, பார்ட்டையே தூக்கிப் போடணுமான்னு பார்ட் பலம் தாங்குமான்னு கணக்கு போடற ஸ்ட்ரெஸ் டீமோட நாள் கணக்குல மல்லுக்கட்டணும். அந்தப் பொண்ணு அதை ரெண்டு நிமிஷத்துல மிச்சம் பண்ணிடுச்சு. கையில ட்ரில் புடிச்சதுனால வந்த அறிவு அது.

இப்ப அப்ளிகேஷன். இங்கதான் நம்ம பசங்க அதிகமா கோட்டை விடறாங்க. யூகாஸ்ல (யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ற பொது சைட்) அஞ்சு யூனிவர்சிட்டி போட்டுட்டு, எக்ஸாமும் முடிஞ்சு ஜூன் மாசத்துல வந்து "அங்கிள், அப்ரென்டிஸ்ஷிப் எதாவது இருக்கா?"ங்கறாங்க. பெரிய கம்பெனிகள் பல இலையுதிர் காலத்துலயே அப்ளிகேஷனைத் திறந்து, போதுமான ஆள் வந்த உடனே மூடிடும், அடுத்த செப்டம்பர்ல வேலைக்குச் சேரணும். கம்பெனி சைட்லயே நேரடியா அப்ளை பண்ணணும், இல்லைன்னா அரசாங்கத்தோட ஃபைண்ட் அன் அப்ரென்டிஸ்ஷிப் சைட் இருக்கு, அலர்ட் போட்டு வைங்க. யூகாஸ்ல போட்டதை இதுக்காக விட வேண்டியதே இல்ல, ரெண்டையும் கடைசி வரைக்கும் சேத்து ஓட்டலாம். லண்டன்லயே இருக்கணும்னு அடம் புடிக்காதீங்க. ஏர்பஸ் இறக்கை டிசைன் பிரிஸ்டல் பக்கம் ஃபில்டன்ல, இறக்கை செய்யறது வேல்ஸ்ல ப்ராட்டன்ல, ரோல்ஸ்-ராய்ஸ் இன்ஜின் டெர்பியில, பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் லங்காஷயர்ல வார்ட்டன், சாம்லஸ்பரியில, லியோனார்டோ ஹெலிகாப்டர் யோவில்ல. வேல்ஸ்லயும் ஸ்காட்லாந்துலயும் ஃபண்டிங் ரூல்ஸ் தனி, அதைத் தனியா படிச்சுக்கோங்க.

ஃபார்மை தயவு செஞ்சு பிள்ளையே எழுதட்டும். அப்பா எழுதினது, ஏ.ஐ. எழுதினது எல்லாம் பேனல்ல ரெண்டாவது கேள்வியிலயே பல்லைக் காட்டிடும். எதையாவது நீயா பிரிச்சு, சரி பண்ணியிருக்கியான்னு நாங்க கேப்போம். ஜி.சி.எஸ்.இ.ல (நம்ம பத்தாவது மாதிரி) எல்லாமே உச்ச கிரேடான 9 வாங்கின ஒரு பையன் இதுக்கு முழிச்சான், கடைசியில "அம்மா எதையும் தொட விட மாட்டாங்க"ன்னான், பாவமா இருந்துச்சு. இன்னொரு பையன் மார்க் சுமார்தான், சைக்கிள் செயின் ஏன் கழண்டுக்கிட்டே இருந்துச்சு, முதல்ல கியர் கேபிள்னு நெனச்சு மாத்தினது, அப்புறம் பின்னாடி கியரைத் தாங்கற ஹேங்கர் வளைஞ்சிருந்ததைக் கண்டுபிடிச்சதுன்னு கையை ஆட்டி ஆட்டி சொன்னான். யாருக்கு ஆஃபர் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். க்ரூப் எக்சர்சைஸ்ல அடுத்தவனைப் பேச விடாம தானே ஜெயிக்கப் பாக்கற பிள்ளைக்கும் மார்க் விழாது, வீட்டுல சொல்லி வைங்க.

விசா விஷயத்துல கவனம். இங்கிலாந்துல ஃபண்டிங்குக்கு பொதுவா மூணு வருஷமாவது இங்க வசிச்சிருக்கணும், வேலை பாக்கற உரிமையும் இருக்கணும். டிஃபென்ஸ் கம்பெனின்னா செக்யூரிட்டி கிளியரன்ஸ் வரும், அதுக்கு பொதுவா அஞ்சு வருஷம் இங்க வசிச்சிருக்கணும்னு எதிர்பார்ப்பாங்க, சில வேலைகளுக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்ங்கறதும் தடையாகும். இதையெல்லாம் விளம்பரத்துலயே போட்டிருப்பாங்க, படிக்காம அப்ளை பண்ணிட்டு "நம்மளை ஒதுக்கறான்"னு சொல்லாதீங்க.

ஊர்லேருந்து கேக்கறவங்களுக்கு: "பிளஸ் டூ முடிச்ச பையனை ஸ்டூடன்ட் விசால அனுப்பி, ஏரோஸ்பேஸ் அப்ரென்டிஸ்ஷிப்ல சேத்து விடறோம், படிச்சுக்கிட்டே சம்பளம்"னு எந்த கன்சல்டன்ட் சொன்னாலும் எழுந்து வந்துடுங்க. இது ஃபுல் டைம் வேலை, ஸ்டூடன்ட் விசால அதைப் பாக்க முடியாது. இங்க இருக்கறவங்களும் கேட்டுக்கோங்க, அப்ரென்டிஸ்ஷிப்புக்கு அப்ளை பண்ண யாருக்கும் ஒரு பென்னி கூட குடுக்கத் தேவையில்ல.

கஷ்டம் இல்லாம இல்ல. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் யூனிவர்சிட்டியில கூத்தடிக்கும்போது இதுங்க விடிகாலையில எழுந்து சேஃப்டி ஷூ மாட்டணும், சனிக்கிழமை அசைன்மென்ட் எழுதணும், சம்மர்ல மூணு மாச லீவு கிடையாது. நடுவுல விட்டுட்டுப் போற பசங்களும் உண்டு. எந்தப் பிரிவுல வேலை செய்யணும்னே இன்னும் தெரியாத பிள்ளைக்கு ஃபுல் டைம் டிகிரியே நல்லதுன்னு நானே சொல்லி அனுப்பியிருக்கேன். பிள்ளை யோசிச்சு வேண்டாம்னு சொன்னா விடுங்க, நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு நீங்க வேண்டாம்னு சொல்லாதீங்க, அவ்வளவுதான் கேக்கறேன்.

இன்னொண்ணு, 17 ஆனதும் டிரைவிங் கத்துக்க விடுங்க. இந்த ஃபேக்டரி எல்லாம் ஊருக்கு வெளிய இருக்கு, ஏழரைக்கு கேட்டுல நிக்கணும்னா பஸ்ஸை நம்ப முடியாது, டெஸ்ட் ஸ்லாட் கிடைக்கவே மாசக்கணக்கா ஆகுது, ஆஃபர் வரட்டும் பாத்துக்கலாம்னு இருந்தா செப்டம்பர்ல நீங்கதான் கொண்டு போய் விடணும்.