மண்ணில் கசிந்த பேச்சு

"துப்பாக்கி தூக்காத சிக்னல் படை போரில் என்னதான் செய்கிறது?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார். அவர்களும் துப்பாக்கி தூக்குகிறவர்கள்தான். ஆனால் பீரங்கி எங்கே சுட வேண்டும், முன்னால் போனவர்கள் எங்கே சிக்கியிருக்கிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுசேர்ப்பதே அவர்களின் முதல் வேலை. அது எதிரியின் காதில் விழாமல் காப்பதும் அவர்கள் பொறுப்பு. இதில் எனக்கு மிகப் பிடித்தது, முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நடந்த ஒரு கதை.

1915இல் பிரான்ஸ் முனையில் பிரிட்டிஷ் படையின் நடமாட்டங்கள் ஜெர்மானியர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டன. எல்லோரும் ஒற்றரைத் தேடினார்கள். காற்றாலையின் இறக்கை சுழன்றால் அது சைகை, உழவர் வயலில் இறங்கினால் அதுவும் சைகை! மாடு செத்தால் செய்வினை என்று பக்கத்து வீட்டைச் சந்தேகிக்கும் அதே புத்திதான் இது. பாவப்பட்ட யாரோ ஒருவர் தலையில் பழி விழுகிற இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு ஆறாத கோபம் உண்டு.

காரணம் காலடி மண்ணில் இருந்தது. மின்சுற்று முழுமையாக இரண்டு கம்பி வேண்டும். போர்க்களத்தில் கம்பியைச் சுமப்பதும், குண்டு விழுந்து அறுந்தால் தவழ்ந்து போய் ஒட்டுவதும் உயிர் போகிற வேலை. அதனால் ஒரே கம்பியை இழுத்து, இரண்டு முனையிலும் ஓர் இரும்பு முளையை அடித்து, மண்ணையே இரண்டாவது கம்பியாக்கினார்கள். ஆனால் மண்ணுக்குள் மின்னோட்டம் நேர்க்கோட்டில் போகாது. ஈர நிலத்தில் நாலா பக்கமும் பரவும். எதிரி தன் பக்கம் இரண்டு முளைகளை விலக்கி அடித்து, நடுவே மெல்லிய மின்னோட்டத்தைப் பெரிதாக்கும் வால்வு பெருக்கியையும் ஹெட்போனையும் மாட்டினால் போதும், பேச்சு கேட்டுவிடும். 1916 ஜூலை 1 அன்று பிரான்ஸின் சோம் ஆற்றுப் பகுதியில் பெருந்தாக்குதல் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, பிரிட்டிஷ் படைகளுக்கு அனுப்பிய வாழ்த்துச் செய்தியின் ஒரு பகுதியை லா புவாசெல் என்ற கிராமத்தின் அருகே ஜெர்மானியர்கள் இப்படித்தான் பிடித்தார்கள்.

இதற்கு மாற்றாக 1915இல் சிக்னல் பிரிவின் கேப்டன் ஃபுல்லர் உருவாக்கியதுதான் ஃபுல்லர்போன் என்ற தந்திக் கருவி. அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி இது: ஒட்டுக்கேட்பவனின் ஹெட்போனில் எது ஒலிக்கிறது? மாறும் மின்னோட்டம் மட்டும்தான். பேச்சு நொடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் தடவை அதிரும். மோர்ஸ், அதாவது எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக மாற்றி அனுப்பும் முறை; அதை ரீங்காரமாக அனுப்பும் பஸ்ஸரும் அப்படித்தான். நேர் மின்னோட்டமோ சீராக ஓடும், சத்தமே வராது. சரி, நேர் மின்னோட்டத்தில் மோர்ஸ் அனுப்பலாமே? தந்திச் சாவியை அழுத்தும்போதும் விடும்போதும் "டிக்" என்று ஒரு சத்தம் வரும், எதிரி அதைக் கேட்டுவிடுவான். அதனால் வழியில் சோக் சுருளையும் (பழைய ட்யூப்லைட்டில் இருந்ததே, அந்த இனம்தான்) மின்தேக்கியையும் வைத்தார். இவை மின்னோட்டத்தைச் சட்டென்று எகிறவிடாமல் மெல்ல ஏற்றி மெல்ல இறக்குகின்றன. கூர் மழுங்கிவிட்டது, "டிக்" போயிற்று.

அப்புறம், நம் ஆளுக்கு மட்டும் எப்படிக் கேட்கும்? இங்கேதான் நான் சொக்கிப்போகிறேன். வாங்கும் கருவிக்குள் ஓர் அதிர்வான், வந்துசேரும் சீரான மின்னோட்டத்தை ஹெட்போனுக்குச் சற்று முன்னால் நொடிக்குப் பல நூறு துண்டுகளாக வெட்டுகிறது. துண்டானதும் அது ஒலியாகிறது. அதாவது சத்தம் கம்பியில் பயணிக்கவே இல்லை, கேட்பவரின் பெட்டிக்குள்தான் பிறக்கிறது! அந்த வெட்டு திரும்பக் கம்பிக்குள் கசியாமல் அதே சோக்கும் மின்தேக்கியும் தடுத்துவிடும். காது நுட்பமானது என்பதால், ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்கு மின்னோட்டமே போதும். அவ்வளவு சிறியது மண்ணில் பரவியபின் எதிரியின் முளைக்கு என்ன மிஞ்சும்?

சோக் பேச்சின் அதிர்வையும் உள்ளே விடாது. அதனால் ஒரே கம்பியில் ஒருவர் டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் ஃபுல்லர்போனில் மோர்ஸ் தட்டலாம், ஒருவருக்கொருவர் இடைஞ்சலே இல்லாமல். இரண்டாம் உலகப் போரிலும் இந்தப் பெட்டி வேலை செய்தது.