அலையன்ஸுக்குத் தமிழ் என்ன?

நம் வீடுகளில் 'அலையன்ஸ்' என்றால் ஒரே பொருள்தான். "பெண்ணுக்கு அலையன்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறோம்", "மதுரைப் பக்கம் நல்ல அலையன்ஸ் ஒன்று வந்தது, ஜாதகம்தான் சேரவில்லை." லண்டன்காரர் ஒருவர் இதைக் கேட்டால் கொஞ்சம் முழிப்பார். அவர் காதில் அந்தச் சொல் நேட்டோ, ராணுவம், உச்சி மாநாடு என்றுதான் விழும். ஆனால் தவறு நம்முடையதில்லை. ஐரோப்பாவில் இந்தச் சொல் தொடக்கத்திலிருந்தே திருமண உறவையும் குறித்திருக்கிறது. அரச குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தே போர்களை நிறுத்திய காலம் அது. இன்றும் பிரான்சில் நகைக்கடைக்குப் போய் 'அலியான்ஸ்' கேட்டால் கல்யாண மோதிரத்தை எடுத்து நீட்டுவார்கள்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'லிகாரே' என்றால் கட்டுதல். அதன் முன்னால் 'அட்' சேர்ந்து 'அல்லிகாரே' ஆனது: ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக் கட்டுதல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கட்டப்பட்ட நாடு 'அல்லை' ஆகவும், அந்தக் கட்டு 'அலையன்ஸ்' ஆகவும் நிலைத்தன. கிரிக்கெட் வீரர்கள் அடிக்கடி கிழித்துக்கொள்ளும் 'லிகமெண்ட்' இதே வேர்தான். காருக்குப் போடுகிற அலாய் வீலில் உள்ள 'அலாய்' கூட இதே வேர்தான். உலோகத்தோடு உலோகத்தைச் சேர்த்தது. இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்த உறவு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒருவரை நம்பி இருப்பதைச் சொல்லும் 'ரிலை' என்ற வினைச்சொல்லும் 'லிகாரே'யின் பேரன்தான். நாம் அன்றாடம் சொல்லும் 'ரிலையபிள்' அதிலிருந்து வந்தது. ஆக, கட்டும் நம்பிக்கையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

தமிழில் இதற்கு நேர் இணையாகக் கட்டமைந்த சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. சம்பந்தம். வடமொழியில் 'பந்தம்' கட்டு, 'சம்' சேர்ந்து. சம்பந்தி என்றால் சேர்த்துக் கட்டப்பட்டவர். அலையன்ஸும் சம்பந்தமும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் "அமெரிக்காவும் பிரான்சும் சம்பந்திகள்" என்று செய்தி எழுத முடியாதே! வேறு சொல் தேடத்தான் வேண்டும். அதற்கு முன்னால் அரசியலில் இந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நட்பாக இருக்கும் எல்லா நாடுகளும் 'அல்லை' ஆகிவிடாது. கையெழுத்து வேண்டும், கடமை வேண்டும். 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்டுத் தொடங்கிய நேட்டோ இதற்கு நல்ல மாதிரி. அதன் 5ஆம் பிரிவு பிரபலமானது: ஒரு நாட்டின் மீது நடக்கும் தாக்குதல் எல்லோர் மீதும் நடந்ததாகக் கருதப்படும். பலருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். அதே பிரிவில், ஒவ்வொரு நாடும் தேவை என்று தான் கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்றும் இருக்கிறது. தங்களைக் கேட்காமல் நாடு தானாகப் போருக்குள் இழுக்கப்படுவதை அமெரிக்க செனட் ஏற்காது என்பதால் அப்படி எழுதினார்கள். தாக்கப்பட்ட நாட்டுக்கு ஒரு நாடு படை அனுப்பலாம். இன்னொன்று போர்வை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்றும் சொல்லலாம். இந்தப் பள்ளத்தை நிரப்புவதுதான் நம்பிக்கை. கட்டு காகிதத்தில் இருக்கிறது, 'ரிலை' காகிதத்துக்கு வெளியே இருக்கிறது.

1961இல் பாரிஸ் வந்த அமெரிக்க அதிபர் கென்னடியிடம் பிரெஞ்சு அதிபர் டி கோல் விரல் வைத்தது இந்த இடத்தில்தான். பாரிஸுக்காக நியூயார்க்கை இழக்க நீங்கள் தயாரா என்று கேட்டார். பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை. பிரான்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே சொந்த அணுகுண்டைச் சோதித்திருந்தது. 1966இல் நேட்டோவின் ஒருங்கிணைந்த படைத் தலைமையிலிருந்து விலகியது. ஒப்பந்தத்தை விட்டு மட்டும் போகவில்லை. மோதிரத்தைக் கழற்றாமல் தனிக்குடித்தனம் போன கதை. திரும்ப வந்தது 2009இல்.

பிரான்ஸ் என்றதும் நினைவுக்கு வருவது நீர்மூழ்கிக் கப்பல் விவகாரம். நீண்டகாலத் துணைகளுக்கிடையே நம்பிக்கை எப்படிப் போகிறது என்று பாடம் எடுக்க இதைவிடத் தெளிவான சம்பவம் கிடைக்காது. 2016இல் ஆஸ்திரேலியா 12 நீர்மூழ்கிகளுக்குப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. மதிப்பு 5,000 கோடி ஆஸ்திரேலிய டாலர், பிறகு அதுவும் எகிறியது. 2021 ஆகஸ்ட் 30 அன்று இரு நாடுகளின் வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சர்கள் பேசி, இந்தத் திட்டத்தின் முக்கியத்துவத்தை வலியுறுத்திக் கூட்டறிக்கை விட்டார்கள். பதினாறே நாளில், செப்டம்பர் 15 அன்று, ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து 'ஆக்கஸ்' என்ற புதிய ஏற்பாட்டை அறிவித்தன. இனி அணுசக்தி நீர்மூழ்கி, பிரெஞ்சு ஒப்பந்தம் ரத்து. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் லெ த்ரியான் இதை முதுகில் குத்தியது என்றார்.

செப்டம்பர் 17 அன்று வாஷிங்டனிலிருந்தும் கான்பெராவிலிருந்தும் தன் தூதர்களைப் பிரான்ஸ் திரும்ப அழைத்தது. அமெரிக்காவும் பிரான்சும் முதன்முதலாகக் கூட்டு ஒப்பந்தம் போட்டது 1778இல். அதற்குப் பிறகு எத்தனையோ சண்டை வந்தும் வாஷிங்டன் தூதரை இப்படி அழைத்துக்கொண்டது இதுவே முதல் முறை. அமெரிக்க விடுதலைப் போரில் பிரெஞ்சுக் கடற்படை 1781இல் பெற்ற வெற்றியைக் கொண்டாட அதே வாரம் வாஷிங்டன் பிரெஞ்சுத் தூதரகத்தில் ஏற்பாடாகியிருந்த விருந்தும் ரத்தானது. லண்டன் தூதரை மட்டும் அழைக்கவில்லை. பெரிய மனது என்று நினைத்துவிட வேண்டாம். இந்த விவகாரத்தில் பிரிட்டன் வண்டிக்கு ஐந்தாவது சக்கரம் என்றார் லெ த்ரியான். திட்டியிருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்புறம் நடந்தது தெரிந்த கதைதான். அக்டோபர் கடைசியில் ரோமில் பிரெஞ்சு அதிபர் மக்ரோனைச் சந்தித்த அன்றைய அமெரிக்க அதிபர் பைடன், நாங்கள் செய்தது பக்குவமில்லாத காரியம் என்று ஒப்புக்கொண்டார். ஆஸ்திரேலியப் பிரதமர் மோரிசன் பொய் சொன்னதாக நினைக்கிறீர்களா என்று நிருபர்கள் கேட்க, நினைக்கவில்லை, அது எனக்குத் தெரியும் என்றார் மக்ரோன். மக்ரோன் மோரிசனுக்கு முன்பு அனுப்பிய தனிப்பட்ட குறுஞ்செய்தி உடனே பத்திரிகையில் கசிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஆஸ்திரேலியாவுடனான வணிகப் பேச்சைத் தள்ளிவைத்தது. 2022 மே மாதத் தேர்தலில் மோரிசன் தோற்றார். அதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. அடுத்து வந்த அரசு அந்த நிறுவனத்துக்கு 55 கோடியே 50 லட்சம் யூரோ கொடுத்துக் கணக்கை முடித்தது. இத்தனைக்கும் நடுவில் நேட்டோ ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளி கூட மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம்பிக்கை என்ற சொல்லுக்கு வருவோம். 'நம்பு' என்பது தொடக்கத்தில் இன்றைய பொருளைத் தரவில்லை. 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம். விரும்புவதைச் சொல்லும் சொல்லாக இருந்து, விரும்பியவரைச் சார்ந்திருப்பதைச் சொல்லும் சொல்லாகக் காலப்போக்கில் நகர்ந்திருக்கிறது. ஜெர்மன் மொழியில் இதைவிடக் குறும்பான விஷயம் உண்டு. அங்கே ஒருவரை நம்பியிருப்பதற்கும் ஒருவரைக் கைவிட்டுப் போவதற்கும் 'ஃபெர்லாசன்' என்ற ஒரே வினைதான். வாக்கியத்தில் அமையும் விதம் மட்டும் வேறு. 2017 மே 28 அன்று மியூனிக்கில் ஒரு பீர் கூடாரத்துக் கூட்டத்தில் ஜெர்மனியின் அன்றைய அரசுத் தலைவர் மெர்கல், மற்றவர்களை நாம் முழுவதுமாக நம்பியிருக்க முடிந்த காலம் ஓரளவு முடிந்துவிட்டது என்று பேசினார். அவர் பயன்படுத்தியது இந்த வினையைத்தான். டிரம்ப் கலந்துகொண்ட முதல் நேட்டோ கூட்டமும் ஜி7 மாநாடும் முடிந்த கையோடு வந்த பேச்சு அது. எட்டு ஆண்டு கழித்து, 2025 மார்ச்சில், பாதுகாப்புச் செலவுக்காகக் கடன் வரம்பைத் தளர்த்த ஜெர்மனி தன் அரசியல் சட்டத்தையே திருத்தியது. கடன் என்றாலே கூசுகிற நாடு அது.

நம்பிக்கை போனால் வாக்குப்பெட்டி என்ன ஆகும் என்பதைக் காட்டியது கனடா. 2025 தொடக்கத்தில் அங்கே கன்சர்வேடிவ் கட்சி கருத்துக்கணிப்புகளில் 20 புள்ளிகளுக்கு மேல் முன்னிலையில் இருந்தது. லிபரல் கட்சிப் பிரதமர் ட்ரூடோ விலகுவதாக அறிவித்துவிட்டார். அந்த நேரத்தில் டிரம்ப், கனடா அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாகச் சேரலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 25 சதவீத வரியும் போட்டார். ஹாக்கி மைதானங்களில் அமெரிக்க தேசிய கீதத்துக்குக் கூச்சல் எழுந்தது, மாகாண அரசுகளின் மதுக்கடைகளில் அமெரிக்கச் சரக்கு அலமாரியை விட்டு இறங்கியது. வட அமெரிக்க வான்வெளியை 1958லிருந்து இருவரும் ஒரே தலைமையின் கீழ் காவல் காக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. புதிய பிரதமர் கார்னி மார்ச் 27 அன்று, பொருளாதாரமும் பாதுகாப்பும் பின்னிப்பிணைந்த பழைய உறவு முடிந்துவிட்டது என்றார். ஏப்ரல் 28 தேர்தலில் அவருடைய லிபரல் கட்சி வென்றது. எதிர்க்கட்சித் தலைவர் பொய்லியெவ்ர் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார்.

சரி, தமிழ்ச் சொல். பத்திரிகைகளில் நான்கு சொற்கள் புழங்குகின்றன. 'நேச நாடுகள்' இரண்டாம் உலகப் போர் காலத்தை நினைவூட்டும் சொல், 'அச்சு நாடு'களுக்கு எதிரணி. நேசம் வடமொழி 'ஸ்நேக'த்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு எண்ணெய், பசை, அன்பு என்று பொருள். அழகுதான். ஆனால் ஸ்டாலினும் சர்ச்சிலும் நேச நாட்டார் என்றால், 1945 மேயில் ஜெர்மனி சரணடைந்து ஓராண்டு முடியும் முன்பே இரும்புத்திரை பற்றிச் சர்ச்சில் பேச வேண்டி வந்ததே, அந்த நேசத்தை எதில் சேர்ப்பது? 'நட்பு நாடு' மிகவும் தளர்வு. 1971இல் சோவியத் யூனியனோடு நட்புறவு ஒப்பந்தம் போட்டபோதும் இந்தியா தன்னை அணிசேரா நாடு என்றே சொல்லிக்கொண்டது. 'கூட்டாளி நாடு' என்றால் இலங்கைத் தமிழருக்கு இதமாக இருக்கும், அங்கே கூட்டாளி என்றால் நண்பன். தமிழ்நாட்டில் "கூட்டாளிகள் மூவர் கைது" என்று படித்துப் பழகிய கண்ணுக்கு அது குற்றப்பத்திரிகை. 'கூட்டணி' நல்ல ஆக்கம்தான், கூட்டு, அணி இரண்டும் பொருந்துகின்றன. நேட்டோ போன்ற அமைப்புக்கு 'ராணுவக் கூட்டணி' என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தனியாக நின்றால் நமக்குத் தொகுதிப் பங்கீடுதான் நினைவுக்கு வருகிறது. தவிர, கூட்டணியில் இருக்கும் ஒரு நாட்டை எப்படிச் சொல்வது?

என் தேர்வு 'துணைநாடு'. சொல் பழையது. 'வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்' என்ற குறளில் துணைவலி என்பது இரு பக்கமும் துணைக்கு வருவோரின் பலம்.  ஒரு சங்கடம் உண்டு. துணைவேந்தர், துணைத் தலைவர் என்று கேட்டுக் கேட்டு, துணை என்றால் ஒரு படி கீழே என்ற எண்ணம் படிந்துவிட்டது. இந்திய மன்னர்களைத் தன் படையின் பாதுகாப்பில் கொண்டுவந்த ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் திட்டத்தைப் பள்ளிப் பாடநூல் 'துணைப்படைத் திட்டம்' என்றுதான் சொல்கிறது. 1798இல் ஹைதராபாத்தும் 1799இல் தஞ்சாவூரும் அதில் சேர்ந்தன. ஆங்கிலத்தில் அதன் பெயரிலும் அலையன்ஸ் இருந்தது, கையெழுத்திட்டவர்கள் கையில் முழு ஆட்சி இருக்கவில்லை. இருந்தாலும் துணை என்ற சொல்லின் அடிப்பொருள் இணை, இரட்டை. வாழ்க்கைத்துணை என்கிறோமே, அந்தத் துணை. கல்யாணத்தையும் போரையும் ஒரே சொல்லில் அடக்கும் வேலையை அலையன்ஸ் செய்கிறது என்றால் தமிழில் அதைச் செய்யக்கூடியது இதுதான்.

நம்பிக்கை குறைவதற்கு 'உறவில் விரிசல்' என்று தலைப்புப் போடுவது வழக்கமாகிவிட்டது. விரிசல் சுவருக்குச் சரி, திடீரென்று விழும், பூசியும் விடலாம். 'அவநம்பிக்கை'யோ எதிரியிடமும் வரும், கடைக்காரரிடமும் வரும். ஏற்கெனவே ஆராய்ந்து நம்பிய ஒருவர் மேல் வரும் சந்தேகத்துக்குத் தனிப்பெயர் வேண்டும். 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்' என்கிறது இன்னொரு குறள். தெளிவு என்றால் இங்கே நம்பிக்கை. நம்பியவனிடத்தில் கொள்ளும் ஐயம் 'ஐயுறவு'. டி கோலுக்கு வந்தது அது, மெர்கல் பேசியது அது. "துணைநாடுகளிடையே ஐயுறவு" என்று ஒரு தலைப்பை நான் படிக்க ஆசைப்படுகிறேன். உதவி ஆசிரியர் அடித்துவிட்டு 'விரிசல்' போடுவார் என்பதும் தெரியும்.

கல்யாணத் தரகர் கொண்டுவரும் அலையன்ஸ் என்னவாகும் என்று கேட்பீர்கள். அதற்குப் புதுச்சொல் எதற்கு, 'வரன்' இருக்கிறது.