ஒற்றை எழுத்தில் ஓடிப்போகும் மெயில்கள்

"காலையில் பார்த்த மெயிலைக் காணோம் சார், வைரஸா இருக்குமோ?" பாளையங்கோட்டை ஆடிட்டர் அலுவலகம், அம்பாசமுத்திரம் அரிசி ஆலை, கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனி என்று எங்கே சர்வீஸுக்குப் போனாலும் இதைக் கேட்கிறார்கள். மெயில் பார்க்க தண்டர்பேர்ட் என்ற மென்பொருளை வைத்திருப்பவர்கள் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கீபோர்டைத்தான்.

தண்டர்பேர்டின் மெயில் பட்டியலில் இருக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட் எதுவும் வேண்டியதில்லை, வெறும் எழுத்தே கட்டளை. 'ஏ' (A) அடித்தால் மெயில், பழையவற்றை எடுத்து வைக்கும் ஆர்க்கைவ்ஸுக்குப் போய்விடும். 'ஜே' (J) அடித்தால் ஜங்க், அதாவது குப்பை மெயில். பதில் எழுதிக்கொண்டிருப்பவர், பழைய மெயிலில் ஒரு தொகையைச் சரிபார்க்கப் பட்டியலைத் தொடுவார். அப்புறம் பில்லைப் பார்த்தபடியே டைப் அடிக்கத் தொடங்குவார். 'ராஜா' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் (raja) அடித்தால் போதும், இரண்டு மெயில் ஆர்க்கைவ்ஸுக்குப் போயிருக்கும், ஒன்று ஜங்க் ஆகியிருக்கும். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 20ஆம் தேதி நெருக்கத்தில் இதைக் கவனிக்க யாருக்கு நேரம்?

உடனே தெரிந்தால் கன்ட்ரோல் இசட் போதும். நேரமாகிவிட்டால் ஆர்க்கைவ்ஸில் அந்த ஆண்டின் ஃபோல்டரையும், ஜங்க் ஃபோல்டரையும் பாருங்கள்.

என் பெரிய கவலை 'கே' (K) மேல்தான். அது அந்த மெயில் தொடரையே ஒதுக்கிவிடும். அதற்கு இனி வரும் பதில்களும் கண்ணில் படாது. ஆர்டர் கொடுத்தவர் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார், இங்கே பதிலே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். வியூ மெனுவில் த்ரெட்ஸ் பகுதிக்குப் போய், ஒதுக்கிய தொடர்களைக் காட்டச் சொல்லி மாதம் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

இதற்கு நான் செய்துகொடுப்பது, டிபிகீஸ் லைட் (tbkeys-lite) என்ற ஆட்-ஆனை, அதாவது தண்டர்பேர்டோடு சேர்க்கும் துணை நிரலைப் போடுவது. அதன் அமைப்புப் பக்கத்தில் 'அன்செட் சிங்கிள்ஸ்' என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திச் சேமித்தால் ஒற்றை எழுத்துக் கட்டளைகள் எல்லாம் போய்விடும். வேண்டியதை மட்டும் இரண்டு மூன்று விசை சேர்ந்த கட்டளையாக வைத்துக்கொள்ளலாம். தண்டர்பேர்டின் சொந்த ஆட்-ஆன் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். உங்கள் மெயில் முழுவதும் அதன் கைக்குப் போகிறது, அதனால் யாரோ பென்டிரைவில் கொடுத்ததைப் போட வேண்டாம்.

கன்ட்ரோல் என்டர் அடித்தால் மெயில் போய்விடும். அனுப்பட்டுமா என்று கேட்கும் பெட்டியில், இனிக் கேட்காதே என்று டிக் போட்டுவிட்டு, பிறகு பாதி எழுதிய விலைப்பட்டியலை அனுப்பிவிடுகிறார்கள். செட்டிங்ஸில் கம்போசிஷன் பகுதியில் அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டுவரலாம்.

மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கின் பழைய வடிவத்தில் விசைகளை இஷ்டப்படி மாற்ற முடியாது. பல வேலைகளை ஒரே சொடுக்கில் செய்யும் குவிக் ஸ்டெப்ஸுக்கு மட்டும் கன்ட்ரோல் ஷிஃப்ட்டுடன் 1 முதல் 9 வரை கொடுக்கலாம். தமிழில் டைப் அடிப்பவர்களுக்கு இங்கே வேறு சிக்கல். தமிழ் டைப் அடிக்க உதவும் என்.எச்.எம். ரைட்டரில் மொழி மாற ஆல்ட்டும் எண்ணும், அவுட்லுக்கின் குவிக் ஆக்சஸ் பட்டையில் உள்ள பொத்தான்களை இயக்கவும் அதே ஆல்ட்டும் எண்ணும். ரைட்டர் ஓடாத நேரத்தில் பழக்கத்தில் கை அந்த விசைகளுக்குப் போகும், பட்டையின் பொத்தான் இயங்கிவிடும். அதனால் அந்தப் பட்டையின் முதல் இடங்களில் டெலீட் பொத்தானை வைக்காதீர்கள்.