பிரவுசர் மட்டும் ஏன் தவிக்கிறது? பழைய கணினியும் புதிய இணையமும்

பிள்ளைகள் படிப்புக்கென்று 2012 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப் வேலூரின் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியைக் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பவர்களும் உண்டு. இவற்றில் பழைய வேர்டு கோப்பு அன்று திறந்த வேகத்திலேயே இன்றும் திறக்கிறது. பாட்டு தடையில்லாமல் ஓடுகிறது. காட்பாடியிலிருந்து ரயில் டிக்கெட் எடுக்கவோ, சிஎம்சி மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க நாள் வாங்கவோ, பட்டா நகல் எடுக்கவோ பிரவுசரைத் திறந்தால்தான் மவுஸ் உறைந்துபோகிறது.

இந்த வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். ப்ராசசர் வயதாவதால் மெதுவாவதில்லை. ஒரு நொடிக்கு அன்று எத்தனை கணக்குப் போட்டதோ அத்தனையை இன்றும் போடுகிறது. மாறியது வலைப்பக்கம். அப்போது ஒரு பக்கம் என்றால் பெரும்பாலும் எழுத்தும் படமும். இப்போது அது ஒரு முழு நிரல். பிரவுசர் அந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இறக்கி, படித்து, இயந்திர மொழிக்கு மாற்றி, ஓட்டிய பிறகுதான் டிக்கெட் படிவம் திரையில் வருகிறது.

ஆகவே காசு செலவழிக்கும் முன், கணினி எதற்காகக் காத்துக்கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாகத் திறக்கும் தளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, சிபியு (ப்ராசசர்), மெமரி (ரேம்), டிஸ்க் ஆகிய மூன்று பத்திகளையும் ஐந்து நிமிடம் கவனியுங்கள். விண்டோஸ் 7-இல் டிஸ்க் பத்தி இருக்காது. அதற்கு ரிசோர்ஸ் மானிட்டரைத் திறக்க வேண்டும். சிபியு 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் 100-ஐத் தொட்டு நிற்பதுதான் பழைய கணினிகளில் அதிகம் காணும் காட்சி. அதற்குப் பக்கத்திலேயே, நொடிக்கு ஒரு எம்பிகூட வாசிக்கவில்லை என்றும் காட்டும். இரண்டும் முரண்போலத் தோன்றும்; காரணம் ஹார்ட் டிஸ்க்கின் உடலமைப்பில் இருக்கிறது.

மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் வாசிக்கும் தலைக்கு நேரே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லிசெகண்ட் ஆகும். தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் ஏறக்குறைய 12. ஆக, ஒரு துணுக்கை எடுக்க 17 அல்லது 18 மில்லிசெகண்ட். நொடிக்கு அறுபது துணுக்குகூடத் தேறாது. ரேம் (தற்காலிக நினைவகம்) நிறைந்துவிட்டால் விண்டோஸ் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாக டிஸ்க்குக்குத் தள்ளும், தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். பின்னால் கிடந்த ஒரு டேபின் 200 எம்பி இப்படிச் சிதறிக் கிடந்தால் அது 51,200 துணுக்கு. ஒவ்வொன்றாக எடுத்தால் 14 நிமிடத்துக்கு மேல். அடுத்தடுத்துள்ளவற்றைச் சேர்த்து அள்ளுவதால் நடைமுறையில் இவ்வளவு ஆகாது. ஆனாலும் டேபை மாற்றியதும் திரை வெள்ளையாக நிற்பது இதனால்தான்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் நகரும் உறுப்பு எதுவும் இல்லை. டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா முறையின் சாதாரண எஸ்எஸ்டியே இப்படிச் சிதறிய துணுக்குகளை நொடிக்கு 8,000 அளவில் எடுத்துத் தரும். அதே 200 எம்பி ஆறேழு நொடியில் வந்துவிடும். பழைய மதர்போர்டில் சாட்டா 2 தான் இருக்கிறது, வேகம் 300 எம்பியைத் தாண்டாது, எதற்கு வீண் செலவு என்று சிலர் தயங்குகிறார்கள். பெரிய கோப்பை நகலெடுக்கும்போதுதான் அந்த வரம்பு குறுக்கே வரும். பிரவுசருக்கு வேண்டியது காத்திருப்பு குறைவது. அது சாட்டா 2-லும் முழுதாகக் கிடைக்கும். 240 அல்லது 256 ஜிபி, 2.5 அங்குலம் போதும். என்விஎம்இ என்னும் புதிய வகை எஸ்எஸ்டி வேண்டாம். அந்தக் காலத்து பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அதிலிருந்து பூட் ஆகாது. பழைய மடிக்கணினியில் டிஸ்க் இடம் 9.5 மில்லிமீட்டர் உயரம், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். தளர்வாக ஆடாமலிருக்க, பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிவிட வேண்டும்.

மாற்றும்போது பலர் இடறுவது பயாஸில். டிஸ்க்கோடு பேசும் முறையைச் சொல்லும் சாட்டா அமைப்பு பழைய ஐடிஇ என்றிருந்தால் புதிய ஏஹெச்சிஐ என்று மாற்றுவது நல்லது. ஆனால் பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துவிட்டு (குளோன்) இதை மாற்றினால், விண்டோஸ் நீலத் திரையில் விழும். ஏஹெச்சிஐ டிரைவரை (அந்த முறைக்கான மென்பொருளை) தொடக்கத்தில் ஏற்ற வேண்டும் என்று அதற்குத் தெரியாது. விண்டோஸ் 10-இல் இதற்கு எளிய வழி உண்டு. சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் சேஃப் பூட் என்பதைத் தேர்ந்து ரீஸ்டார்ட் செய்து, நேரே பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ ஆக்குங்கள். ஒருமுறை சேஃப் மோடில் ஏறியதும் டிரைவர் தானாக அமைந்துவிடும். பிறகு சேஃப் பூட்டை எடுத்துவிடலாம்.

டிஸ்க் மாற்றியும் மெமரி பத்தி 90-ஐ விட்டு இறங்கவில்லை என்றால் ரேம் போதவில்லை. விண்டோஸ் 10 தனக்கே ஒன்றரை முதல் இரண்டு ஜிபி எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி என்பது கீழ்வரம்பு, 8 ஜிபி இருந்தால் நிம்மதி. வாங்கும்போது போர்டிலுள்ள சிப்செட் என்னும் கட்டுப்பாட்டுச் சில்லின் பெயரைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இன்டெல் ஜி31 என்றால் டிடிஆர்2 வகை ரேம், மொத்தம் 4 ஜிபிக்கு மேல் ஏறாது. ஹெச்61 என்றால் டிடிஆர்3, 16 ஜிபி வரை ஏற்கும். சிக்கல் ஜி41-இல். அதன் கட்டுப்படுத்தி 2 ஜிகாபிட் (கால் ஜிபி) வரையுள்ள மெமரி சில்லுகளைத்தான் அறியும். எனவே 4 ஜிபி ரேம் ஸ்டிக்கில் இரு பக்கமும் சேர்த்து 16 சில்லு இருந்தால் வேலை செய்யும். எட்டே சில்லு இருந்தால் பீப் அடித்து நின்றுவிடும், அல்லது பாதிதான் தெரியும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்து காட்பாடியில் மாட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சென்னைக்கு ரயில் ஏறாமலிருக்க, கடையிலேயே சில்லுகளை எண்ணிவிடுங்கள். விலை மிகக் குறைவாகச் சொல்லும் ஸ்டிக்குகளில் சில ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடுபவை. இன்டெல்லுக்கு ஆகுமா என்று கேட்டு வாங்க வேண்டும். நான்காம் தலைமுறை இன்டெல் மடிக்கணினி என்றால் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் மட்டுமே பொருந்தும். இன்னொன்று: 32 பிட் விண்டோஸ் இருந்தால் 8 ஜிபி போட்டாலும் மூன்றேகால் ஜிபி அளவுக்குத்தான் பயன்படுத்தும்.

பிரவுசருக்கு ஏன் இவ்வளவு நினைவகம்? ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் ரகசியத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்னும் ப்ராசசர் ஓட்டை வெளிவந்தபோது, ஒரே ப்ராசஸுக்குள் (தனக்கென நினைவகம் எடுத்துக்கொண்டு ஓடும் நிரல் அலகு) இரண்டு தளங்களை வைத்தால் இந்தக் காவல் நிற்காது என்று தெளிவானது. அந்த ஆண்டே குரோம் 67, ஒவ்வொரு தளத்துக்கும் தனி ப்ராசஸ் ஒதுக்கத் தொடங்கியது. ஃபயர்ஃபாக்ஸும் பின்னர் அதே வழிக்கு வந்தது. இதன் விளைவு பலருக்குத் தெரியாது: ஒரு செய்தித் தளத்தை ஒரே டேபில் திறந்தாலும், அதற்குள் தனிக் கட்டமாக நுழையும் விளம்பரங்கள் வேறு தளங்களிலிருந்து வருவதால், அவற்றுக்கும் தனித்தனி ப்ராசஸ் எழும். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்திப் பார்த்தால் அவை வரிசையாக நிற்பது தெரியும்.

ஆகவே விளம்பரத் தடுப்பான் என்பது பழைய கணினிக்கு நினைவகச் சிகிச்சை. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்னும் தடுப்பானைப் போட்டால் அந்த விளம்பர நிரல்கள் இறங்குவதே இல்லை. ப்ராசஸும் எழாது, ப்ராசசருக்கும் வேலை குறையும். குரோமில் அதன் லைட் வடிவம்தான் இப்போது ஓடும், ஆற்றல் சற்றுக் குறைவு. ரேம் வாங்க வசதியில்லாத வீட்டில் முதலில் செய்ய வேண்டியது இதுதான், ஏனெனில் செலவே இல்லை. கூடவே குரோமின் மெமரி சேவரை இயக்கிவிடுங்கள். நெடுநேரம் தொடாத டேபை அது இறக்கி வைக்கும்.

வீடியோ தனிக் கதை. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 முறைகளில் சுருக்கிய வீடியோவை அனுப்புகிறது. 2012-இன் கிராபிக்ஸ் சில்லுக்கு ஹெச்.264 போன்ற பழைய முறைகளை விரிக்க மட்டுமே தனி மின்சுற்று உண்டு. இன்டெல்லில் விபி9-க்கு முழு வன்பொருள் உதவி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அது இல்லாதபோது ஒவ்வொரு சட்டகத்தையும் (வீடியோவின் தனித்தனிப் படத்தையும்) ப்ராசசரே கணக்குப் போட்டு விரிக்கிறது; சிபியு 100 ஆகிறது, படம் விட்டுவிட்டு ஓடுகிறது. வீடியோ மேல் வலது கிளிக் செய்து ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதைத் திறந்தால் எந்த முறை, எத்தனை சட்டகம் தவறியது என்று காட்டும். ஹெச்264ஃபை என்ற நீட்சியைச் சேர்த்தால் யூடியூப் பழைய முறையிலேயே அனுப்பும். இதற்காக கிராபிக்ஸ் கார்டு வாங்குவது தேவையற்றது.

வேலூரில் தவிர்க்க முடியாத இன்னொன்று வெப்பம். கூலர், காற்றைவிடச் சில்லை இத்தனை டிகிரி மேலே வைத்திருக்கும் என்பதுதான் கணக்கு. முழு வேலையில் அந்த இடைவெளி 50 டிகிரி என்றால், மார்கழியில் 24 டிகிரி அறையில் சில்லு 74-இல் நிற்கும். கத்திரி வெயிலில் 40 டிகிரி அறையில் 90-ஐத் தொடும். இதற்கு மேல் பாலாற்று மணல் தூசியும், சில்லுக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் உலர்ந்துபோவதும் சேர்ந்தால் இடைவெளி இன்னும் விரியும். மடிக்கணினி சில்லுகள் பல 100 டிகிரியை நெருங்கினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடி, மதியம் இரண்டு மணிக்குத் திணறும் கணினிக்கு வைரஸ் என்று ஃபார்மட் போடும் முன் இதைப் பாருங்கள். எச்டபிள்யூமானிட்டர் போன்ற மென்பொருள் வெப்பத்தைக் காட்டும்.

சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் புளோயர் அடிக்க வேண்டும். வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும், மோட்டார் மின்னோட்டத்தைப் போர்டுக்குள் திருப்பி அனுப்பவும் கூடும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதியதைத் துவரம்பருப்பு அளவு நடுவில் வைத்தால் போதும். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளும் போர்டின் பின்புறம் எட்டிப் பார்க்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். ஒன்று ஏறாவிட்டாலும் கூலர் சாய்ந்து, சில நிமிடத்தில் கணினி அணைந்துவிடும். ஏஎம்டி என்றால் கணினியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, கூலரை இடவலமாகத் திருகி எடுக்க வேண்டும். நேரே இழுத்தால் ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, கால்கள் வளையும்.

சில கணினிகளில் வேகம் சரியாக இருந்தும் எந்தத் தளமும் திறக்காது. 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்று வரும். முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். தளம் தன் அடையாளத்துக்காகக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி 2012 ஜனவரியில் இருப்பதாக நினைத்தால், இன்றைய சான்றிதழ் அதன் பார்வையில் இன்னும் பிறக்கவில்லை. தேதி தவறுவது போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்ததால். இரவில் சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அப்போது கடிகாரம் முழுக்க இந்தப் பேட்டரியில்தான் ஓடுகிறது, அது சீக்கிரம் தீர்கிறது. மல்டிமீட்டரில் புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.7-க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். மாற்றியபின் பயாஸில் தேதியோடு சாட்டா அமைப்பையும் சரிபாருங்கள், பேட்டரி இல்லாதபோது அதுவும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும்.

தேதி சரியாக இருந்தும் அதே பிழை வந்தால், எந்தச் சான்றிதழை நம்பலாம் என்று முடிவு செய்ய உதவும் மூலச் சான்றிதழ்ப் பட்டியல் பழையது. 2021 செப்டம்பர் 30-இல் இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத எத்தனையோ கருவிகளில் தளங்கள் ஒரே நாளில் நின்றன. ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலைத் தானே சுமப்பதால் விண்டோஸ் 7-லும் அதன் நீண்ட ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆர் 115 இதைத் தாண்டிவிடும். குரோம் விண்டோஸ் 7-இல் 109-ஆம் பதிப்போடு, 2023 ஜனவரியில், நின்றுவிட்டது. இப்படிப் புதுப்பிப்பு நின்ற கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பதிவு செய்துகொண்டால் வீட்டுக் கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏறாது. நீண்ட நாள் வழி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபியில் ஓடும், 4 ஜிபி இருந்தால் நன்றாக ஓடும். 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமல் முதலில் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, யூடியூப் மூன்றையும் அப்போதே சோதித்துவிடுங்கள். 4 ஜிபிதான் இருக்கிறது என்றால் இசட்ரேம் வசதியைச் சேர்ப்பது பெரிய உதவி. டிஸ்க்குக்குத் தள்ள வேண்டிய பக்கங்களை அது ரேமுக்குள்ளேயே பாதி, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வைக்கிறது. வீட்டில் டேலி கணக்கு, விரல்ரேகைக் கருவி, கையெழுத்து டோக்கன் ஏதாவது இருந்தால் விண்டோஸை விட்டுவிடாதீர்கள். கேனன் எல்பிபி 2900 பிரின்டரும் அப்படியே, அதன் டிரைவர் புதிய லினக்ஸில் எளிதில் அமைவதில்லை.

64 பிட் இல்லாத ஆட்டம் என்270 நெட்புக், முதல் தலைமுறை பென்டியம் 4 போன்றவற்றுக்கு இனி இணையத்தில் வேலையில்லை. குரோம் 89 முதல் எஸ்எஸ்இ3 என்னும் கட்டளைத் தொகுதி இல்லாத ப்ராசசரில் அந்த பிரவுசர் தொடங்குவதே கிடையாது. 32 பிட் லினக்ஸுக்குக் குரோம் 2016-லேயே நின்றது. அவற்றை இணையத்திலிருந்து கழற்றிவிட்டுத் தட்டச்சுப் பழக வைத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டி போட்டபோது மடிக்கணினியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை 2.5 அங்குல யூஎஸ்பி பெட்டியில் போட்டால் படங்களைச் சேமிக்கப் பயன்படும். அதற்குமுன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்) எண்ணிக்கை பூஜ்ஜியமா என்று பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் அதில் எதையும் நம்பி வைக்க வேண்டாம்.