பிரஞ்ச்: காலைக்கும் மதியத்துக்கும் நடுவே ஒரு சாப்பாடு

'ஈஸ்டர் பிரஞ்ச்' என்று தமிழில் எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். பலருக்கு அது பிரான்ஸ் நாட்டுச் சாப்பாடு என்றுதான் படும். பிரெஞ்சு மொழியைப் 'பிரஞ்சு' என்று எழுதியும் படித்தும் பழகிய கண் நம்முடையது. இந்தச் சொல்லுக்கும் பிரான்ஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது இங்கிலாந்தில் பிறந்தது. 'பிரேக்ஃபாஸ்ட்' என்பதன் தலையையும் 'லஞ்ச்' என்பதன் வாலையும் சேர்த்துத் தைத்த சொல்.

பொருள் எளியது. காலையில் தனியாகச் சாப்பிடுவதில்லை, மதியத்துக்கென்று தனியாகச் சமைப்பதும் இல்லை. பத்து மணிக்கு மேல் ஒரு மணிக்குள், இரண்டு வேளைக்கும் சேர்த்து நிதானமாக உட்கார்ந்து உண்ணும் ஒரே சாப்பாடு. முட்டை, ரொட்டி, பழம் என்று காலைப் பண்டங்களும், இறைச்சி, காய்கறி என்று மதியப் பண்டங்களும் ஒரே மேசையில் இருக்கும்.

சொல்லை அச்சில் ஏற்றியவர் கை பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர். 1895இல் 'ஹன்டர்ஸ் வீக்லி' என்ற இதழில் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்வந்து கனமான இறைச்சிச் சாப்பாட்டில் உட்காருவதுதான் அன்றைய ஆங்கிலேய வழக்கம். அதற்குப் பதிலாக, சனிக்கிழமை இரவு கண்விழித்தவர்கள் தாமதமாக எழுந்து நண்பகலை ஒட்டி லேசாகத் தொடங்கும் ஒரு சாப்பாடு வேண்டும் என்று வாதாடினார். அது மனத்தை இளக்கும், பேச்சை வளர்க்கும் என்பது அவர் சொன்ன காரணம். மறு ஆண்டே 'பஞ்ச்' இதழ் இந்தச் சொல்லை எடுத்துப் பேசியது. காலையை ஒட்டி வந்தால் 'பிரஞ்ச்', மதியத்தை ஒட்டி வந்தால் 'பிளஞ்ச்' என்று ஒரு பாகுபாடுகூட அப்போது இருந்தது. பிளஞ்ச் நிற்கவில்லை. இப்படி இரு சொல்லை ஒன்றாக மடிக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் 'போர்ட்மான்டோ' என்று பெயர். இரண்டு பக்கமாகத் திறக்கும் பெட்டியின் பெயரை 1871இல் சொல்லுக்குச் சூட்டியவர் லூயிஸ் கரோல்.

'பிரேக்ஃபாஸ்ட்' என்பதை அப்படியே பிரித்தால் நோன்பை முறித்தல். இரவு முழுவதும் உண்ணாமல் இருந்ததை முறிப்பது. இரவுச் சாப்பாடு என்று நாம் நினைக்கும் 'டின்னர்' கூட லத்தீன் வேரில் இதே பொருள் கொண்டதுதான். அதுவும் நோன்பை முறிப்பதே. நாளின் முதற்சாப்பாட்டுக்கு வந்த பெயர், வேளை தள்ளித் தள்ளிக் கடைசியில் இரவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த வேர் உண்மையிலேயே பொருந்தும் நாள் ஈஸ்டர். அதற்கு முன், திருநீற்றுப் புதன் தொடங்கி, இடையில் வரும் ஞாயிறுகளை நீக்கி எண்ணினால் 40 நாள் தவக்காலம், கிறிஸ்தவர்களின் நோன்புக் காலம். இடைக்கால ஐரோப்பாவில் அந்த நாட்களில் இறைச்சி மட்டுமல்ல, முட்டையும் பாலும்கூட விலக்கு. கோழிக்கு நோன்பு தெரியுமா? அது இட்டுக்கொண்டேதான் இருக்கும். முட்டை வீட்டில் குவிந்துவிடும். உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டரன்று மேசைக்கு முட்டை முதலில் வந்ததற்கு இந்தக் குவியலும் ஒரு காரணம். பன்றித் தொடையும் அப்படித்தான். இலையுதிர் காலத்தில் அறுத்து, உப்பிட்டுக் குளிர்காலம் முழுவதும் பதப்படுத்திய இறைச்சி பக்குவமாவது வசந்தத்தில். பனி உருகியதும் மண்ணைப் பிளந்து வரும் முதல் காய்களில் ஒன்று அஸ்பாரகஸ், நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் ஒன்றுவிட்ட உறவு. இன்று அமெரிக்க வீடுகளில் ஈஸ்டர் பிரஞ்ச் என்றால் இந்த மூன்றும் அநேகமாக இருக்கும். நோன்பு மறைந்த வீடுகளிலும் பண்டங்கள் தங்கிவிட்டன.

வீட்டில் செய்யும்போது இந்தச் சொல்லின் உயிர் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். சமைப்பவரும் தாமதமாக எழ வேண்டும். அவர் ஐந்து மணிக்கே எழுந்து அடுப்படியில் நின்றால், மற்றவர்கள் சாப்பிடுவது பிரஞ்ச், அவருக்கு அது இரட்டை வேலை. ஆகவே வேலையெல்லாம் முந்தின இரவே முடிய வேண்டும். அதற்கு வாகான பண்டம் 'ஸ்ட்ராட்டா'. லத்தீனில் அடுக்குகள் என்று பொருள். ஆறேழு பேருக்கு அரை கிலோ பழைய ரொட்டியைத் துண்டு போட்டு, 200 கிராம் சீஸ், வதக்கிய கீரை, வெங்காயத்தோடு தட்டில் அடுக்க வேண்டும். 8 முட்டையை முக்கால் லிட்டர் பாலில் அடித்து, உப்பும் மிளகும் சேர்த்து மேலே ஊற்றி, மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். ரொட்டி காய்ந்ததாக இருந்தால்தான் பாலை உறிஞ்சியும் கரையாமல் நிற்கும். காலையில் 175 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் போல, நடுப்பகுதி கெட்டியாகும் வரை ஓவனில் வைத்தால் போதும், மேற்பரப்பு உப்பிப் பொன்னிறமாக வரும். ராத்திரியே இட்லிக்கு மாவரைத்து வைத்துத் தூங்கிய வீடுகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

முட்டை அவிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அன்று வாங்கிய முட்டையை விட ஒரு வாரம் பழகியது நன்றாக உரியும். ஓட்டின் நுண்துளை வழியே கரியமிலவாயு மெல்ல வெளியேறுவதால் வெள்ளைக்கரு உட்தோலை விட்டுப் பிரிய இணங்குகிறது. கொதிக்கும் நீரில் பதினோரு நிமிடம், உடனே பனிக்கட்டி நீர். அதிகம் வெந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் வரும். கருவில் உள்ள இரும்பும் வெள்ளையில் உள்ள கந்தகமும் சேர்ந்த நிறம் அது. கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாயிராது. குழந்தைகள் சாயம் பூசித் தோட்டத்தில் ஒளித்து விளையாடும் முட்டைகளைத் தனியாகவே வைத்துவிடுங்கள். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரக் கூடாது.

இனி தமிழ்ச்சொல். 'காலைமதிய உணவு' என்று சொல்வதில் பொருள் வந்துவிடுகிறது, ஆனால் இரண்டு சாப்பாடு என்றும் கேட்கிறது. ஆங்கிலம் போல் வெட்டி ஒட்டலாமா? தமிழுக்கும் வெட்டத் தெரியும். சோழநாடு சோணாடாகவும் கோயம்புத்தூர் கோவையாகவும் மருவின. ஆனால் மரூஉ என்பது பல தலைமுறை நாவில் தேய்ந்து தானாக வருவது. ஒருவர் மேசையில் உட்கார்ந்து செய்தால் ஒட்டாது. நோன்பு முடித்து உண்பதற்குப் 'பாரணை' என்ற சொல் இருக்கிறது, பொருளளவில் பிரேக்ஃபாஸ்ட்டின் நேர் இணை. ஆனால் அது ஏகாதசி விரதத்தோடும் துவாதசிக் காலையோடும் கட்டுண்டது. வேறு சமயத்தவரின் விழாவுக்கு அதைத் தூக்கிவருவது இரு பக்கத்துக்கும் நியாயமாகாது.

'நண்பகல் உணவு' என்பது என்னை வெகுநாள் இழுத்தது. ஆறு சிறுபொழுதில் நண்பகல் என்பது பத்து மணி முதல் இரண்டு மணி வரை. பிரஞ்சின் நேரம் துல்லியமாக அதற்குள் அடங்கும். நள் என்றால் நடு, நள்ளிரவில் வரும் அதே நள். ஆனால் இன்றைய காதுக்கு நண்பகல் என்றால் உச்சிவெயில், பன்னிரண்டு மணி. தொல்காப்பியத்திலும் அது வேனிலோடு சேர்ந்து பாலைக்கு உரிய பொழுது. ஈஸ்டர் காலையின் குளிர்ச்சிக்கு அது வெம்மையாகப் படுகிறது.

என் தேர்வு 'முற்பகல்'. திருக்குறள் 319இல் 'பிறர்க்கின்னா முற்பகல் செய்யின்' என்று வருகிற பழஞ்சொல். இன்று அழைப்பிதழ்களில் மணிக்கு முன்னால் அன்றாடம் புழங்குவது. இரண்டு சாப்பாட்டின் பெயரை ஒட்டுப்போடாமல், அந்தப் பொழுதையே பெயராக்குகிறது. உணவகப் பட்டியலில் 'முற்பகல் உணவு' என்று போடலாம், அயலார் வருவதானால் 'முற்பகல் விருந்து' என்னலாம். வீட்டு மனிதர்கள் மட்டும் கூடும்போது 'சாப்பாடு' என்பதே போதும். இந்த ஈஸ்டருக்குத் தங்கை வீட்டுக்கு நான் அனுப்பும் குறுஞ்செய்தி: "ஞாயிறு முற்பகல் சாப்பாடு நம்ம வீட்டுல. பதினோரு மணிக்கு மேல வாங்க, அதுக்கு முன்னாடி நான் எழுந்திருக்க மாட்டேன்."