மத்தியானம் வர்ற கரண்டு, சாயங்காலம் வேணுங்கற கரண்டு

வெளிய சுள்ளுன்னு வெயிலு, மாடியில ஆறு பேனல் அந்த வெயிலை முழுசா வாங்கிக்கிட்டு நிக்குது, ஆனா வீட்டுக்குள்ள ஃபேன் நின்னு போச்சு. சோலார் போட்டு ரெண்டாவது வாரம் நடந்தது இது. லைன்ல ஏதோ வேலைன்னு கரண்ட நிறுத்தியிருக்காங்க, அம்மா கீழ இருந்து "ஏம்ப்பா, ரெண்டு லட்சம் போட்டு மாட்டியிருக்கமே, இதுக்குமா கரண்டு போகும்"னு கேக்கறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல. போட்டுக் குடுத்தவங்க இத ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். அன்னைக்கு ஆரம்பிச்சுப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டத எழுதறேன், ஏன்னா எங்க பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இப்ப தெருவுக்குத் தெரு சோலார் ஏறுது, எல்லாரும் இதே கேள்வியத்தான் கேக்கறாங்க.

மொதல்ல பேனலுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்துருவோம். உள்ள இருக்கறது சிலிக்கான், மணல்ல இருந்து பிரிச்சு எடுத்து ரொம்ப சுத்தமாக்குனது. அதுல ஒரு பக்கம் துளி பாஸ்பரஸும் இன்னொரு பக்கம் துளி போரானும் கலக்கறாங்க, ரெண்டும் சேர்ற எடத்துல எலக்ட்ரான ஒரே பக்கமாத் தள்ளற மாதிரி ஒரு மேடு பள்ளம் உண்டாயிருது. வெளிச்சம் வந்து எலக்ட்ரான எழுப்பி விடுது, அந்த சரிவு அதை ஒரு பக்கமா ஓட விடுது, அந்த ஓட்டந்தான் கரண்டு. ஆடற சாமான் ஒண்ணுகூட கிடையாது, அதனாலதான் இருபத்தஞ்சு வருசம் தாங்கும்னு சொல்றாங்க. வெளிச்சத்துல இருந்து மின்சாரம் வரும்னு பிரான்ஸ்ல பெக்கரல் 1839லயே பாத்துட்டாரு, ஆனா வேலைக்கு ஆகற மாதிரி சிலிக்கான் செல் வந்தது 1954ல, அமெரிக்காவுல பெல் ஆய்வகத்துல. அது விழற வெளிச்சத்துல ஆறு சதவீதத்தத்தான் கரண்டா மாத்துச்சு. இப்ப நாம வாங்கற பேனல் இருபது இருபத்திரெண்டு சதவீதம் மாத்துது.

ஒரு செல்லு அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல தரும், அவ்வளவுதான். அதனால பூமாலை கோக்கற மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு கோத்து ஒரு பேனல்ல நாப்பது வோல்ட்டு கிட்ட கொண்டு வர்றாங்க, அப்பறம் ஆறு பேனலையும் அதே மாதிரி வரிசையாக் கோத்து, வீட்டுக்கு ஏத்த கரண்டா மாத்தற இன்வர்ட்டருக்கு எறக்கறாங்க. இந்தக் கோக்கற வேலையிலதான் எங்க வீட்டு முதல் பிரச்சனை இருந்துச்சு. சோலாரோட போன் ஆப்புல அன்னைக்கு வந்த கரண்டோட கிராஃப் பாத்தா காலையில இருந்து அழகா மலை மாதிரி ஏறி எறங்குது, ஆனா தினமும் மூணரை மணிக்கு மேல யாரோ கடிச்சு எடுத்த மாதிரி ஒரு குழி. வானத்துல மேகம் இல்ல. ஒரு நாள் மூணு மணிக்கே மாடியில போய் உக்காந்துட்டேன். மேக்கால நிக்கற ஒத்தப் பனையோட நெழல், என் கை அகலம்கூட இருக்காது, மெதுவா நகந்து வந்து ஆறு பேனல் மேலயும் நீளமா ஒரு கோடு போட்டுச்சு. மூடுனது மொத்தப் பரப்புல பத்துல ஒரு பங்குகூட இல்ல, கரண்டு பாதிக்குக் கீழ போயிருச்சு.

வாய்க்கால்ல ஒரு எடத்துல கரை சரிஞ்சு அடைச்சுக்கிட்டா மேல எவ்வளவு தண்ணி இருந்தாலும் கடைமடைக்கு அந்தச் சந்துல போறதுதானே போகும், அதே கதைதான் இங்கயும். வரிசையில ஒரு செல்லு நெழல்ல மாட்டுனா மத்த செல்லு தள்ளற கரண்டையும் அது தடுக்குது, சும்மா தடுக்காம சூடாகவும் செய்யும். அதுக்காக ஒவ்வொரு பேனல் பின்னாலயும் வழக்கமா மூணு பைபாஸ் டையோடு வச்சிருப்பாங்க, அடைச்ச பகுதிய விட்டுட்டு சுத்துவழியா கரண்டு போயிரும், பேனல் கருகாது, ஆனா அந்தப் பகுதியோட கரண்டு போனது போனதுதான். பனைய வெட்டிரலாம்னு மாட்டுனவங்க சுலபமா சொன்னாங்க. அப்பா ஒத்துக்கல, எனக்கும் மனசு வரல, கள்ளு எறக்குன மரம், தாத்தா காலத்துல இருந்து நிக்குது. பேனலத் தாங்கற ஸ்ட்ரக்சரக் கழட்டி வடகிழக்கு மூலைக்கு நகத்தி ரெண்டடி ஒசத்திப் போட்டோம், மார்கழியில மட்டும் கொஞ்சம் நெழல் படுது, மத்தபடி குழி போயிருச்சு. சோலார் போடப் போறவங்க பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க மாடியில நெழல் எங்க எங்க விழுதுன்னு பாருங்க, மார்கழியிலயும் ஆனியிலயும் சூரியன் வேற வேற பக்கம் சாஞ்சு போகும்ங்கறதையும் கணக்குல வைங்க.

இன்னொண்ணு, வெயில் ஏற ஏற கரண்டும் ஏறும்னுதான் நானும் நம்புனேன். பேனலுக்கு வேணுங்கறது வெளிச்சம், சூடு அதுக்கு எதிரி. பேனல் மேல ஒட்டியிருக்கற வாட்ஸ் கணக்கு எல்லாம் செல்லு 25 டிகிரியில இருக்கறப்ப எடுத்தது, பங்குனி மாசம் பாலக்காட்டுப் பக்கம் நாப்பது டிகிரி அடிக்கறப்ப செல்லு அறுபத்தஞ்சு டிகிரிக்குப் போயிரும், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் கொறையுதுன்னா பதினாலு சதவீதம் அங்கயே போச்சு. ஆனா எங்க ஊருக்கு ஒரு வரம் இருக்கு. மார்கழி தை மாசத்துல பாலக்காட்டுக் கணவாய் வழியா கெழக்க இருந்து காத்து அடிக்கும் பாருங்க, ஓடு பறக்கற காத்து, வானமும் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும், அந்தக் காத்து பேனலைக் குளுத்திக்கிட்டே இருக்கு, அந்த மாசங்கள்ல எங்க மூணு கிலோவாட் நல்லாவே குடுக்குது. வருசம் முழுக்கச் சேத்துப் பாத்தா ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு யூனிட்டுன்னு வச்சுக்கலாம், எங்களுக்குப் பன்னெண்டு. ஆடி மழையில அதுல பாதி வந்தாலே சந்தோசம்.

சரி, அம்மா கேட்ட கேள்விக்கு வர்றேன். வெயில் இருக்கறப்ப கரண்டு போனா ஏன் சோலாரும் நிக்குது?

பேனல்ல இருந்து வர்றது நேர்மின்சாரம், வீட்டுக்கு வேணுங்கறது நொடிக்கு அம்பது தடவை முன்னாலயும் பின்னாலயும் ஆடற மாறுமின்சாரம். அதை மாத்தறது இன்வர்ட்டர். நாம மானியத்துல போடற ஆன்கிரிட் இன்வர்ட்டர் தானாத் தாளம் போடாது, லைன்ல வர்ற தாளத்தக் கேட்டு அதோட சேந்து வாசிக்கும். லைன் செத்தா தாளம் இல்ல, ரெண்டு நொடிக்குள்ள தானா நிறுத்திக்கணும்னு அதுக்குக் கட்டாயம். காரணம் ரொம்ப முக்கியமானது. லைன நிறுத்திட்டோம்னு நம்பி ஒரு லைன்மேன் கம்பத்துல ஏறி நிக்கறாரு, அந்த நேரம் நம்ம வீட்டு மாடியில இருந்து கரண்டு லைனுக்குப் போனா அவரு உசுரு போயிரும். அம்மாகிட்ட இதைச் சொன்னேன், "அப்ப நிக்கட்டும், நிக்கறதுதான் சரி"ன்னுட்டாங்க. கரண்டு போனாலும் எரியணும்னா பேட்டரியோட ஹைப்ரிட் இன்வர்ட்டர் வேணும், அது லைன்ல இருந்து வீட்டப் பிரிச்சு விட்டுட்டு தன் தாளத்துல வீட்டுக்கு மட்டும் ஓட்டும், ஆனா செலவு கணிசமா ஏறும்.

இந்தத் தாளம் சாதாரண விசயம் இல்லைங்க. 2013 டிசம்பர் 31ஆம் தேதி ராய்ச்சூர் சோலாப்பூர் லைன் மூலமா தென்னிந்தியா வடக்கோட இணைஞ்சதுல இருந்து நாடு முழுக்க ஒரே அம்பது ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு அம்பது ஆட்டம், எங்க வீட்டு ஃபேனுக்கும் டில்லியில ஓடற ஃபேனுக்கும் ஒரே தாளத்துலதான் கரண்டு வருது. உற்பத்தியும் செலவும் ஒவ்வொரு நொடியும் சமமா இருந்தாத்தான் அந்தத் தாளம் நிக்கும், செலவு கூடுனா தாளம் எறங்கும், உற்பத்தி கூடுனா ஏறும். கொரோனா நேரத்துல, 2020 ஏப்ரல் 5ஆம் தேதி ராத்திரி ஒம்பது மணிக்கு ஒம்பது நிமிசம் எல்லாரும் விளக்க அணைச்சோமே, ஞாபகம் இருக்கா, அப்ப நாடு முழுக்க சுமார் 31,000 மெகாவாட் திடீர்னு கொறஞ்சு மறுபடி ஏறுச்சு. அதைத் தாங்கிப் புடிச்சதுல பெரிய பங்கு நீர்மின் நிலையங்களுக்கு, ஏன்னா தண்ணிய நிமிசத்துல மூடித் தெறக்க முடியும், நிலக்கரி அடுப்ப அப்படி முடியாது.

இப்ப சோலாரோட உண்மையான சிக்கல் புரிஞ்சிருக்கும். அது கரண்டு கொண்டாந்து கொட்டறது பத்து மணியில இருந்து மூணு மணிக்குள்ள. கேரளாவுல செலவு உச்சத்துக்குப் போறது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, வெயில் காலத்துல ஏசி எல்லாம் சேந்து நடுராத்திரி வரைக்கும் இழுக்குது. மத்தியானம் நம்ம மாடியில இருந்து லைனுக்கு விட்ட பத்து யூனிட்ட ராத்திரி திருப்பி எடுத்துக்கறோம்னு, விட்டதையும் எடுத்ததையும் கழிச்சுப் பாக்கற நெட் மீட்டர் கணக்கு சொல்லுது, கணக்குல அது சரி. ஆனா அந்தக் கரண்டு எங்கயும் காத்துக்கிட்டு இருக்கல, மத்தியானமே பக்கத்து வீட்டுல செலவாயிருச்சு, ராத்திரி நாம எடுக்கறதுல பெரும்பகுதி மின்வாரியம் வெளிய இருந்து கூட வெலை குடுத்து வாங்குனது. அதனாலதான் நெட் மீட்டர் விதிய அப்பப்ப மாத்தறாங்க, சோலார் போட்டவங்களுக்குக் கோவம் வருது. எனக்கும் வந்துச்சு, ஆனா மின்வாரியம் பக்கம் இருக்கற நியாயத்தையும் பாக்கணும்.

எங்க ஊர்ல கால்வாய்த் தண்ணிக்கு முறை வச்சிருப்பாங்க. நம்ம முறை எப்ப வருதோ அப்ப பாச்சிக்கணும், அன்னைக்குத் தேவையே இல்லாட்டியும் தண்ணி வரும், தேவைப்படற நாள்ல வராது. குளமோ தொட்டியோ இருக்கறவன் புடிச்சு வச்சுக்குவான். சோலாருக்கும் அதுதான் வேணும், ஒரு குளம். பேட்டரி ஒரு குளம். அதை விடப் பெருசு நமக்குப் பக்கத்துலயே இருக்கு, வால்பாறை மலையில காடம்பாறை. 400 மெகாவாட் நிலையம், 1980கள் கடைசியில இருந்து ஓடுது. கரண்டு மிஞ்சற நேரத்துல கீழ இருக்கற 'மேல் ஆழியார்'ங்கற அணையில இருந்து தண்ணிய மேல காடம்பாறை அணைக்கு ஏத்தறாங்க, தட்டுப்பாடு வர்றப்ப அதே தண்ணியக் கீழ விட்டு அதே எந்திரத்துல கரண்டு எடுக்கறாங்க. இந்த மாதிரி நிலையங்கள்ல நாலு யூனிட் போட்டா மூணு யூனிட் திரும்பி வரும்னு வச்சுக்கங்க. ஒரு யூனிட் நஷ்டம்தான், ஆனா மிஞ்சிப்போன கரண்டு சாயங்காலம் கிடைக்குதே.

காத்துல கரண்டு எடுக்கற காத்தாடியையும் இதுல சேத்துப் பாக்கணும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல இருக்கற கணவாய் ஒரு புனல் மாதிரி, தென்மேற்குப் பருவக்காத்து அதுக்குள்ள நுழைஞ்சு வேகம் புடிக்குது. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அதுல இருக்கற சக்தி எட்டு மடங்காகும், அதனாலதான் பாலக்காட்டுப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டுல கேரள மின்வாரியம் காத்தாடி வச்சுது, எல்லை தாண்டுனா உடுமலை பல்லடம் பக்கம் காடு மாதிரி நிக்குது. இதுல எனக்குப் புடிச்சது என்னன்னா, ஆனி ஆடியில மேகம் மூடி சோலார் படுத்துக்கற அதே நேரத்துலதான் காத்தாடி முழு மூச்சா ஓடும், ராத்திரியும் ஓடும்.

வெலையப் பத்தியும் சொல்லிரணும். 2010ல இந்தியாவுல பெரிய சோலார் பண்ணைகள் கரண்ட யூனிட்டு பத்து ரூவாய்க்கு மேல விக்க ஒப்பந்தம் போட்டுச்சு, 2017ல ராஜஸ்தான் பட்லாவுல அது 2.44 ரூவாய்க்கு வந்துருச்சு. வீட்டு மாடிக்கு 2024ல வந்த பிஎம் சூர்யா கர் திட்டத்துல மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூவா மானியம், எங்களுக்கும் வந்துச்சு. நிலக்கரியில ஒரு யூனிட் எடுத்தா ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளிய போகுது, எங்க மாடியில வருசத்துக்கு நாலாயிரம் யூனிட்டுக்கு மேல, அதாவது நாலு டன். ஆனா ஆயுசு முடிஞ்ச பேனல என்ன பண்றதுன்னு யோசிக்கறவங்க கம்மி. எடையில பெரும்பகுதி கண்ணாடி, கூட அலுமினியம், சிலிக்கான், துளி வெள்ளி, ஈயம். 2022ல வந்த மின்கழிவு விதியில சோலார் பேனலையும் சேத்திருக்காங்க, ஆனா இன்னைக்கு ஒடஞ்ச பேனலோட போனா பழைய இரும்புக்கடைக்காரர் ஃபிரேம மட்டும் கழட்டிட்டு மிச்சத்தத் தூக்கி எறிவாரு. இது இப்பவே யோசிக்க வேண்டிய விசயம்.

பேட்டரி வாங்க எங்ககிட்ட இப்ப காசு இல்ல. அதனால வேலைய வெயிலுக்கு மாத்திட்டோம். அம்மா ஆறு மணிக்குப் போட்டுக்கிட்டு இருந்த கிரைண்டர் இப்ப பதினோரு மணிக்கு ஓடுது, துணி மெஷினும் அப்பத்தான். வீட்டு போர்ல ஒன்றரை எச்பி மோட்டாரு, அதுக்கு ஒரு டைமர் வச்சு, பின்னால மேட்டுல அஞ்சாயிரம் லிட்டர் தொட்டி ஒண்ணு கட்டுனோம். நேத்து பதினொண்ணரைக்கு மோட்டாரு எடுத்துச்சு, ரெண்டு மணிக்குத் தொட்டி ரொம்பிருச்சு, நாலு யூனிட்டுக்குள்ள முடிஞ்சுது. ராத்திரி எட்டு மணிக்கு அப்பா போய் வால்வத் தெறந்து விட்டாரு, மோட்டாரு ஓடல, வீட்டச் சுத்தி இருக்கற இருபது தென்னைக்கும் தண்ணி மேட்டுல இருந்து தானா எறங்கிப் போச்சு.